நாற்பது ஜிபி

கோலகெட்டில். சனிக்கிழமை இரவு.
எடைமேடைக் கிராணி தர்மசீலன்
மடிக்கணினியை மேசையில் வைத்தார்.
ஒரே வட்டு, இரண்டு குடித்தனம்.
இடப்பக்கம் விண்டோஸ்: ஆலைக் கணக்கு,
லாரி எண்கள், செம்பனைக் குலை டன்கள்,
மூச்சுவிட இடமில்லை.
வலப்பக்கம் லினக்ஸ், மகள் யாழரசியுடையது.
"நாப்பது தர்றேன்பா. என்னோடது ஒண்ணும் போகக்கூடாது."

முதலில் நகல் எடுத்தேன்.
பழைய ஹார்ட்டிஸ்க் ஒன்றரை மணி நேரம் உறுமியது.
பிறகு பென்டிரைவிலிருந்து கிளப்பி
அவள் எல்லையைத் தள்ளி வரைந்தேன்.
நடுவில் சாம்பலாய் ஒரு துண்டு:
ஒதுக்கப்படாத இடம்.
"யார் பேர்லயும் இல்லியா?" கிராணி
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.
"நம்ம ஊர்லயா?"

அழுத்தினேன். கோப்புகள்
ஒவ்வொன்றாய்ச் சட்டிபானை தூக்கி நகர்ந்தன.
அறுபத்து மூன்றில் மழை,
அறுபத்து நான்கில் கரண்ட் போனது.
பேட்டரி பதினெட்டு நிமிடம் என்றது;
அது பொய் சொல்லும் பேட்டரி.
யாழரசி குடையில்லாமல் ஓடினாள்.
எதிர்ப் பர்கர் கடை ரோஸ்லான்
அடுப்பு விளக்கை அணைத்துவிட்டு
ஜெனரேட்டர் வயரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நீட்டினான்.

பதினொன்றேகாலுக்கு நூறு.
சாம்பலை இடப்பக்கம் விழுங்கிக்கொண்டது.
மறுபடி கிளப்பினால் கறுப்புத் திரையில்
இரண்டு பெயர்களும் இருந்தன.
யார் முதலில் என்று இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் பசி.
ரோஸ்லானிடம் நான்கு பர்கர் சொன்னேன்,
ஒன்று அவனுக்கு.