ஒட்டு எவ்வளவு தாங்கும்

ஆம்பூரில் எனக்கு
ஒட்டியதைப் பிரிக்கிற வேலை.

ஜெர்மனிக்குப் போகிற ஷூவில்
நூற்றுக்கு ஒன்றை எடுத்து
இயந்திரத்தின் இரண்டு தாடைக்குள் கொடுப்பேன்.
மேல்தோல் ஒரு பக்கம், அடி மறுபக்கம்,
விடுகிறவரை இழுக்கும்.
எந்த எண்ணில் விட்டது என்று நோட்டில் ஏற்றுவேன்.
பதினோரு வருஷ நோட்டுகள்.
பசையைப் பற்றி என்னிடம் பேசி
யாரும் ஜெயித்ததில்லை.

என் வயிற்றில் இருக்கிற பிளாஸ்டர்
பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.
நடுவில் மயிரிழை மாதிரி ஒரு குழாய்,
அதன் வழியாகத்தான்
நான் சாப்பிடுகிற ஒவ்வொரு இட்லிக்கும் அனுமதி.
மூன்று நாள் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறான்.
அவன் ஊரில் சித்திரை மாதம் கிடையாது போல.

நேற்று இரண்டே முக்காலுக்கு
தாகத்தில் விழித்தேன்.
கரண்ட் இல்லை.
நாக்கில் ஆணியைச் சப்பிய ருசி.
பம்ப்பைப் பார்த்தால்
எல்லாம் சரி என்கிறது.
மணிக்கு முக்கால் யூனிட்,
ஒரு சொட்டுக் கணக்குப் பிசகவில்லை.

பிறகுதான் அந்த வாடை.
கழுவிவிட்ட ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி
பினாயில் வாடை,
என் இடுப்பிலிருந்து.
பிளாஸ்டர் வேர்வையில் எழும்பி
குழாய் வெளியே வந்து கிடந்தது.
ராத்திரி முழுக்க என் இன்சுலினை
நைட்டி குடித்திருக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு.

எபனேசர் செல்போன் வெளிச்சம் பிடித்தார்.
முதலில் பேனாவால் தொடையில் ஒரு ஊசி,
அப்புறம் கீட்டோன் பட்டை,
அப்புறம் புதுசு மாட்ட இடம் தேடினோம்.
இடப்பக்கம் கல் மாதிரி இறுகிவிட்டது,
தொப்புளுக்குக் கீழே போன வாரத்துச் சிவப்பு.
"இங்க?" என்றார்.
அங்கே போன மாதம் குழாய் உள்ளுக்குள்ளேயே மடங்கியது.
"இங்க?"
அங்கே கதவுத் தாழ்ப்பாள் மாட்டி இழுத்தது,
ரத்தம் குழாயில் ஏறிய நாள் நினைவில்லையா.
என் உடம்பை இவருக்கு
விபத்துகளின் பேரில்தான் தெரியும்.

டப்பாவில் மிச்சம் இரண்டு செட்.
ஒன்றின் விலை என் இரண்டு நாள் சம்பளம்.
பம்ப்பே என்னுடையது இல்லை,
சென்னையில் யாரோ ஒரு பையன் புதுசுக்கு மாறியபோது
வேலூர் ஆஸ்பத்திரி வழியாக வந்தது.
பின்பக்கம் அவன் ஒட்டிய கிரிக்கெட் ஸ்டிக்கர்
இன்னும் உரியவே இல்லை.
அது எந்தக் கம்பெனிப் பசை என்று
பல தடவை முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

பசைப் பிரிவு முபீனாவிடம் ஒரு முறை கேட்டேன்.
சுரண்டணும், தூசி தட்டணும்,
பிரைமர் பூசிக் காய விட்டு
சூடு காட்டி அழுத்தணும், என்றாள்.
"செத்த தோல் அக்கா, சொன்னபடி கேக்கும்.
உன்னுது வேர்க்குதே."
சொல்லிவிட்டு, மனசு கேட்காமல்
லைனிங் டேப்பில் ஒரு துண்டு வெட்டித் தந்தாள்.

நான்கு நாள் நின்றது!
ஐந்தாம் நாள் பிரித்தபோது
தோலோடு வந்தது.
அதற்கும் எங்கள் நோட்டில் ஒரு கட்டம் உண்டு:
ஒட்டு விடவில்லை, பொருள் கிழிந்தது.
ஷூவாக இருந்தால்
நான் பாஸ்.

காலை ஷிப்டுக்கு வந்துவிட்டேன்.
ஏழு மணிக்கு இருநூற்று அறுபது,
ஒன்பதுக்கு நூற்று எண்பது, இறங்குகிறது.
சட்டைக்கு மேலேயே தடவிப் பார்த்துக்கொள்கிறேன்,
யாராவது பார்த்தால் வயிற்றுவலி.

பதினோரு மணிக்கு ஒரு பழுப்பு ஷூ
பாதி இழுப்புக்கு முன்பே
சத்தமில்லாமல் விட்டுவிட்டது.
சூப்பர்வைசர் வேதமுத்து வந்து குனிந்தார்.
"என்னம்மா காரணம்?"

ஈரம் சார், என்றேன்.
ராத்திரி கரண்ட் இல்லை, என்றேன்.
அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.