துளை எண் பதினொன்று

காலை ஒன்பதுக்கு முன்
எந்திரம் வாய் திறக்கக் கூடாது.
மாலை ஐந்துக்குப் பின்னும் கூடாது.
காட்டுக்கும் ஆபீஸ் நேரம் உண்டு என்பார்
ஹபீபுல்லா, கையுறையை உதறியபடி.

மெக்ரிச்சி மேட்டில் பாதை போட அனுமதி இல்லை.
எந்திரத்தைத் துண்டு துண்டாய்க் கழற்றி
எட்டுப் பேர் தோளில் ஏற்றினார்கள்.
பிரம்பு முள் சட்டையைப் பிடித்துப் பிடித்து
யாரைக் கேட்டு வந்தாய் என்றது.

என் வேலை எழுதுவது.
குழாயிலிருந்து கல் வரும்,
ஈரமாய், முன்னங்கை நீளத்தில்.
பெட்டியில் கிடத்தி எண் போடுவேன்.
ஆறு மீட்டர் வரை செம்மண்.
பதினெட்டில் பாதி மண் பாதி பாறை,
முடிவெடுக்காத ஆளைப் போல.
முப்பத்தொன்றில் கருங்கல்.
பிறகு கருங்கல், கருங்கல், கருங்கல்.

ரயில் எழுபதில் போகும்.
வேர் அவ்வளவு ஆழம் வராது, சரி.
நீர்மட்டம்: காலை நாலு புள்ளி இரண்டு,
மாலை நாலு புள்ளி ஐந்து.
ஏன் என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

எனக்கு வீடு பாசிர் ரிஸ், அலுவலகம் ஜூரோங்.
தூங்கி, விழித்து, மாறி, மறுபடி தூங்கி.
இந்தத் தடம் வந்தால் எனக்கும் லாபம். மறைக்கவில்லை.
காட்டைச் சுற்றிப் போங்கள், சில நிமிடம்தானே என்றார்கள்.
சுற்றும் வழியில் வீடுகள்.
கூட்டத்தில் திரு. குவெக் எழுந்தார்:
"குரங்குக்குப் பேச ஆள் இருக்கிறது. எனக்கு?"
யாரும் சிரிக்கவில்லை.
குரங்குகளை எண்ணும் பெண்
பின்வரிசையில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழன், மூன்று மணி.
தண்ணீர்த் தொட்டிக்கும் ஒலித்தடுப்புக்கும் நடுவே
உருண்டையாய் ஒரு கல்.
யார் இங்கே போட்டது என்று குனிந்தேன்.
கல் மூச்சு விட்டது.

அழுங்கு.

ஹபீபுல்லா எந்திரத்தை அணைத்தார்.
அணைத்த பிறகுதான் கேட்டது
சில்வண்டுகள் இவ்வளவு நேரமும்
எங்களோடு போட்டி போட்டுக் கத்தியது.
விதிப்படி அழைத்தோம். விதிப்படி காத்திருந்தோம்.
நாற்பது நிமிடம்.
கூட்டத்தில் தொண்டை வறள வாதாடிய நிமிடங்கள்
இதைவிடக் குறைவு.
ஆள் வருவதற்குள் அதுவே அவிழ்ந்தது,
செதில் செதிலாய், அவசரமின்றி.
என் பூட்ஸை மோந்து பார்த்தது.
பிடிக்கவில்லை போலும்.
பெரணிக்குள் புகுந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
15:05 முதல் 15:45 வரை வேலை நிறுத்தம்.
காரணம்: வானிலை, எந்திரக் கோளாறு, பிற.
பிற என்பதில் டிக் அடித்தேன்.
ஹபீபுல்லா எட்டிப் பார்த்து
இன்னொரு டிக் அடி, அழுத்தமாக, என்றார்.

ரயில் வந்ததும் ஏறுவேன்.
ஜன்னலோரம் தூங்கியும் போவேன்.
நடுவில் ஓரிடத்தில் நெடுநேரம் நிலையமே வராது.
கைப்பேசியிலிருந்து ஒருவர் தலை தூக்கி
என்ன, இன்னும் காணோம் என்பார்.
அப்போது எங்கள் தலைக்கு மேலே
கருங்கல், அதன் மேல் செம்மண், அதன் மேல்
பிற.