அக்கார்டியன் பெட்டி

மூன்றாம் நாளும் அந்த வாடை வந்தபோதுதான்
பெட்டியைத் திறந்தேன்.
அக்கார்டியனை விற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது,
பெட்டியை மட்டும் விஸ்வால்டிஸ் விற்கவில்லை.
உள்ளே, சிவப்பு வெல்வெட்டின் மேல்,
சுருட்டிச் சுருட்டி வைத்த நான்கு உள்ளாடைகள்.
ஒன்றில் இன்னும் சூடு இருந்தது.

அண்ணன் சமையலறையில்
பார்லிக் கஞ்சியை இடது கையால் கிண்டிக்கொண்டிருந்தான்.
வலது கை ஜனவரியிலிருந்து அவன் பேச்சைக் கேட்பதில்லை.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
துவைத்தேன்.
லியெபாயாவில் காற்றுக்குப் பஞ்சமில்லை;
கொடியில் போட்ட துணி
முதலில் அட்டையாய் விறைக்கும்,
அப்புறம்தான் காயும்.
இஸ்திரி போட்டு, நான்காய் மடித்து,
அதே வெல்வெட்டின் மேல் வைத்து மூடினேன்.

மறுநாள் அவை இல்லை.
வேறு இரண்டு இருந்தன, ஈரமாக.

இப்படித்தான் எங்களுக்குள்
கடிதப் போக்குவரத்து தொடங்கியது.

முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவன்.
எங்கள் ஊரில் ஒரே தடம்.
இந்தக் கோடியில் ஏறினால்
அந்தக் கோடியில்தான் கழிப்பறை,
அது பூட்டியிருந்தால் திரும்ப இந்தக் கோடி.
வேலை நாளில் தேநீர் கிடையாது, சூப் கிடையாது,
நிறுத்தங்களை எண்ணி எண்ணி அடக்கினான்.
ஓய்வுபெற்ற அன்று மேலாளர்
‘அடக்கமான மனிதர்’ என்று பேசினார்.
அந்த மேஜையில் நான் ஒருத்திதான் சிரித்தேன்.

செவ்வாய்தோறும் வரும் தாதி இங்குனா
தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தாள்.
எப்போது குடித்தார், எப்போது போனார்.
தண்ணீரைக் குறைக்காதீர்கள், எரியும்.
தொடையிடுக்கு சிவந்தால் களிம்பு.
துணியால் தேய்க்கவே கூடாது,
ஒற்றி எடுங்கள்.

மருந்துக்கடையில் பெரியவர்களுக்கான டயப்பர் கேட்டேன்.
பெரிய அளவு, இரவுக்கு.
பின்னால் நின்றவள்
அவன் டிராமில் பள்ளிக்கூடம் போனவள்.
‘உங்களுக்கா?’ என்றாள்.
ஆமாம் என்றேன்.
பாதிதான் பொய்,
பலமாய்த் தும்மினால் எனக்கும் கொஞ்சம் போய்விடும்.

பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்தேன்.
மூன்று நாள் அப்படியே கிடந்தது.
நான்காம் நாள் ஒன்று குறைந்தது.
எண்ணிப் பார்த்தேன், திரும்பவும் எண்ணினேன்.

எல்லா நாளும் இப்படி நல்லவளாய் இருந்தேன்
என்று நினைக்காதீர்கள்.
ஒரு ராத்திரி, மெத்தை மூன்றாம் தடவை நனைந்ததும், கத்தினேன்:
‘ஒரு வார்த்தை சொன்னால் என்ன?
வாதம் வாயிலுமா?’
அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

காலையில் பெட்டி காலி.
பின்கதவிலிருந்து விறகுக்கொட்டகை வரை
பனியில் ஊன்றுகோலின் துளைகள்,
பக்கத்தில் இழுபட்ட ஒரு காலின் கோடு.
கொட்டகைக்குப் பின்னால் பனியைத் தோண்டிப் புதைத்திருந்தான்,
ஒற்றைக் கையால்.
விழுந்திருந்தால்?
அங்கேயே கட்டையில் உட்கார்ந்தேன்.
உறைந்த துணி மடியில் கிடந்தது,
நான் அதைத் தட்டிக்கொண்டே இருந்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள், விடிவதற்கு வெகுநேரம் முன்பு,
‘மிர்ட்ஸா’ என்றான்.
‘ம்.’
‘நனைந்துவிட்டேன்.’

விளக்கைப் போட்டேன்.
அவனை ஒருக்களிக்க வைத்து
ஈர விரிப்பை முதுகோரம் சுருட்டி
காய்ந்ததைப் பாதி விரித்து
மறுபக்கம் புரட்டினேன்.
வெந்நீர், துண்டு.
ஒற்றி எடுத்தேன்.
அவன் கூரையைப் பார்த்தான்.
நான் அவன் முழங்கால் தழும்பைப் பார்த்தேன்,
சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்து ஓட்டி விழுந்தது.

‘மணி என்ன?’
‘மூன்றே கால்.’
கொஞ்சம் யோசித்தான்.
‘முதல் டிராமுக்கு இன்னும் நேரமிருக்கிறது,
நீ போய்த் தூங்கு’ என்றான்.

பெட்டி இப்போது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில்.
டயப்பர், களிம்பு, துண்டு எல்லாம் அதில்தான்.
ஒரு கொக்கி உடைந்திருக்கிறது,
மூடி சரியாக மூடுவதில்லை.
பார்த்தவர்கள்
‘இன்னும் வாசிக்கிறாரா?’ என்கிறார்கள்.