தக்கவைப்பு

மனாமாவில் பத்தொன்பதாம் மாடி.
அச்சுப்பொறி காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றால்
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
மூடியைத் திறந்து உருவினேன்.
கசங்கி வந்தது
பாதிப் பெயரும் முழுத் தொகையும்.
பதினெட்டாயிரம் தினார்.

போன மாசம்தான் அரசாங்கம்
இந்தக் கம்பெனியை மூழ்காமல் தூக்கியது.
அதற்கு முந்தின வாரம்
பணம் போட்டவர்கள் கீழே லாபியில் நின்றார்கள்.
உம்மு ஜாசிம் என்ற ரிட்டயர்டு டீச்சர்
பாஸ்புக்கை விசிறியாக வீசிக்கொண்டிருந்தார்.
யாரையும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன்.
அதற்கு எனக்கு ஒரு மெமோ.

குதைபியா சலூனில் இப்போது இதே பேச்சுதான்.
பாதி முகம் சோப்பு நுரையோடு
சித்ராக் கிழவர் ஒருவர் அரபியில் கத்தினார்.
கத்தி எங்கே பட்டுவிடுமோ என்று
முடிவெட்டுகிறவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.
அடுத்த நாற்காலி மலையாளி எனக்குச் சொன்னான்:
'படகைப் பாறையில் ஏற்றினவனுக்கே
கரை சேர்த்த கூலியா என்று கேட்கிறார்.'

லூர்தீனா மேடம் கோவாக்காரர், நல்லவர்.
'இது போனஸ் இல்லப்பா' என்றார்,
'தக்கவைப்புத் தொகை.
இவங்க போயிட்டா கணக்கை யார் அவிழ்ப்பாங்க?
முடிச்சுப் போட்டவங்களுக்குத்தானே தெரியும்.'

தக்கவைப்பு.
பஸ்ஸில் வரும்போது
அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன்.
என்னையும்தான் தக்கவைத்திருக்கிறார்கள்.
சல்மாபாதில் காண்டிராக்டர் ஆபீஸ் பீரோவில்
ரப்பர் பேண்டு போட்டு
நாற்பது பாஸ்போர்ட்.
என்னுடையது நடுவில் எங்கோ.

ரூமில் நஜ்முதீன் செல்போனில் வகுத்துப் பார்த்தான்.
பதினெட்டாயிரம், கீழே எழுபத்தைந்து.
இருநூற்று நாற்பது மாசம்.
'இருபது வருஷம்டா' என்று சொல்லிவிட்டு
திரையை அணைக்காமல் வெகுநேரம் வைத்திருந்தான்.
மேல் பங்கில் பெனடிக்ட்
'லைட்டை மூடுங்கடா, நாலு மணிக்கு வண்டி' என்றான்.

காலையில் சூப்பர்வைசர் வரிசையில் நிற்கவைத்துச் சொன்னார்:
நிலைமை சரியில்லை.
இந்த மாசத்திலிருந்து ஓவர்டைம் கிடையாது.
துடைக்கும் துணி ஆளுக்கு ஒன்று.
நிலைமை என்று சொல்லும்போது
மேலே விரலைக் காட்டினார்.
அங்கே ஏசி துவாரம் மட்டும் இருந்தது.

இருபத்து மூன்று உறைகளை
மேசை மேசையாக வைத்தேன்.
எல்லாம் ஒரே எடை,
உள்ளே ஒரு தாள்தானே.
ஜன்னலோர மேசைக்காரர் கிழித்துப் படித்தார்.
முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.
தாளை மடித்து
அதன்மேல் டீக் கோப்பையை வைத்தார்.
ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.
'பால் இல்லையா இன்னைக்கு?'

'இல்லை சார்' என்றேன்.
'நிலைமை சரியில்லை.'

பேன்ட்ரிக்கு வந்து
ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன்.
ரெண்டு பாக்கெட்.
தேதி முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.