தலைப்பெழுத்து

காலையில் யுகாதி, மாலையில் பிறை,
நாளை நிதியாண்டு முடிகிறது.
சிவாஜி நகரில் கண்ணாடிக் கடைக்கு மேலே
என் அறையில் மட்டும் விளக்கு.
கணக்கர்களுக்குப் பண்டிகை
ஏப்ரலில்தான் விடியும்.

பெல்லந்தூரிலிருந்து எழினி வந்திருக்கிறாள்.
கம்பெனி கொடுத்த பங்குகள் ஜனவரியில் கைக்கு வந்து
சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டன.
"பத்து லட்சம் கொடுக்கணும் சார்.
யாருக்குன்னுதான் தெரியல."

யாருக்கென்று தெரியாமலும் கொடுக்கலாம்.
அதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது.
இப்போது போட்டால் இந்த வருடத்து ரசீது.
பள்ளிக்கா, ஏரிக்கா, டயாலிசிஸுக்கா
என்று ஆற அமர யோசிக்கலாம், அவசரமில்லை.
பத்துக்கு ஐந்து கழியும்,
வரியில் ஒன்றே முக்கால் மிஞ்சும்,
அதுவும் பழைய முறையில்.
புதிய முறையில் தானத்துக்குக் கட்டமே கிடையாது.

ஒன்று.
போட்ட பிறகு பணம் உன்னுடையதில்லை.
இன்னாருக்குப் போகட்டும் என்று சொல்லலாம்,
கேட்பது அவர்கள் விருப்பம்.
பெரும்பாலும் கேட்பார்கள்.

"அப்ப நான் யாரு?"
ஆலோசகர்.
"என் காசுக்கே வா?"
உன் காசாக இருந்ததற்கு.

சிரித்தாள்.
தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடி
திறந்து மூடி,
"தனி ஆளுக்குக் கொடுத்தா?"

கொடுக்கலாம், தடையில்லை. விலக்கு இல்லை.

மடிவாளாவில் ஒரு பிஜி, பதினாலு வருடம் முன்பு.
முதல் சம்பளம் தள்ளிப்போன மாதம்,
பெட்டியை மாடிப்படியில் வைத்துவிட்டான் உரிமையாளன்.
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சௌடம்மா
கையைச் சேலையில் துடைத்து
இடுப்பிலிருந்து சுருளை எடுத்து எண்ணினாளாம்.
இரண்டாயிரத்து எண்ணூறு.
"ஹோகு மகளே, கட்டிட்டு வா."
திருப்பிக் கொடுக்கப் போனபோது சௌடம்மா இல்லை.
அடுத்த வருடம் பிஜியும் இல்லை,
அங்கே இப்போது ஒரு ஜிம்.

பழக்கதோஷம், என் மூளை தானாக ஓடியது:
ரொக்கம் இரண்டாயிரத்தைத் தாண்டினால்
ஒரு பைசாவும் கழியாது.
பெறுபவர் பதிவு பெற்ற அமைப்பு இல்லை.
கொடுத்தவருக்குப் பான் எண் இல்லை.
ரசீது இல்லை.
நல்லவேளை, இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கீழே நயாஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இரண்டரை சதவீதத்தைக் கவர்களில் போட்டுக்கொண்டிருப்பார்.
பழைய முறையா புதிய முறையா என்று
அவரை யாரும் கேட்பதில்லை.
கேட்டாலும் அவருக்கு நான்தான் கணக்கர்,
கவர்களைப் பற்றி இதுவரை என்னிடம் பேசியதில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
இந்த நிதிக்கு யார் பெயர்?
எழினி தட்டினாள், சௌடம்மா.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
இரண்டாம் பெயரும் கட்டாயம்.
"இனிஷியல் தெரியாது சார். எந்த ஊருன்னே தெரியாது.
கோலார் பக்கம்னு நெனக்கிறேன்."
புள்ளி வைத்தோம், ஏற்கவில்லை.
கோடு போட்டோம், ஏற்கவில்லை.
ஓர் எழுத்தாவது வேண்டுமாம்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு
தன் தலைப்பெழுத்தைத் தட்டினாள்.
இயந்திரம் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது.

ஓடிபி வந்தது. பணம் போனது.
சான்றிதழ் மே மாதக் கடைசிக்குள் வரும் என்றேன்,
வராவிட்டால் எனக்குப் போன் பண்ணு.
தலையாட்டினாள், கேட்டமாதிரி தெரியவில்லை.
கேட்டதெல்லாம்
இந்த நேரத்தில் கீழே ஆட்டோ கிடைக்குமா என்பதுதான்.

அவள் போன பிறகும்
திரையில் அடுத்த பக்கம் திறந்தே கிடந்தது:
உங்கள் ஆலோசனை என்ன?
கட்டத்துக்குள் கோடு மினுக்கி மினுக்கி.
எனக்கு இன்னும் ஆறு பேர் ரிட்டர்ன் பாக்கி.