ஐம்பத்தொரு லிம்போப்போ

திரையில் ஐம்பத்தொரு லிம்போப்போ ஓடுகிறது.
மாபுட்டோவில், மூன்றாம் மாடியில்,
ஏசி பழுதான அறையில்
அவற்றின் முன்னால் நானும் ஆறிப்போன தேநீரும்.

மழை கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய,
மேகம் ஒரு விரற்கடை கிழக்கே தள்ளி:
ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நதி.
பதினாறு கோடுகள் கரையேறுகின்றன.
மற்றவை பேசாமல் கடலுக்குப் போகின்றன.

கணக்கில் பிழையில்லை.
ஷோக்வே ஊருக்கு ஓடுவது ஒரே நதி, அவ்வளவுதான்.

கொம்பொமூனேயில் அளவுகோல் பார்க்கும் ஃபெனியாஸ்
ஒன்பது மணிக்கு அழைத்தான்:
'ஏழு புள்ளி ஒன்று.'
பதினொன்றுக்கு, 'ஏழு புள்ளி எட்டு.
தவளைகள் என் வீட்டுப் படியேறிவிட்டன,
அதையும் எழுதிக்கொள்.'
அதற்கு மாடலில் கட்டம் இல்லை.
ஒன்றரைக்கு,
'கம்பத்தைக் காணோம், இல்டா.
ஆற்றின் அளவை ஆறே எடுத்துக்கொண்டு போய்விட்டது.'

தகவல் வராத இடத்தில்
மைனஸ் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது
என்று நிரப்புவது எங்கள் வழக்கம்.
நிரப்பினேன்.
தெரியாதவர் பார்த்தால்
நதி பத்து கிலோமீட்டர் ஆழத்தில்
பதுங்கிக் கிடப்பதாக நினைக்கலாம்.

மூன்று வருடம் முன்பு
இருபத்தெட்டுக் கோடுகள் ஏறின.
வெளியேறுங்கள் என்றோம்.
அமேலியா சிதோய் பதினோரு ஆடுகளைப்
பாதி விலைக்குத் தள்ளிவிட்டு,
தையல் மெஷினைத் தலையில் ஏற்றி
ஷியாகெலானே மேட்டுக்கு நடந்தாள்.
நதி கரைவரை வந்து
எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.
மறுவாரம் பஸ் ஏறி இந்த அறைக்கே வந்தாள்.
கத்தவில்லை.
'இதில் என் ஆடுகள் எந்தக் கோடு?'
அவ்வளவுதான் கேட்டாள்.
கீழே இறங்கிப்போகும்போது
என் குடையை இரவல் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாற்பது.
புதிய மழை வந்தது, மறுபடி ஓட்டினேன்.
பத்தொன்பது.

எச்சரிக்கை வாசகம் தயாராகவே இருக்கிறது,
ஊரும் மீட்டரும் நிரப்பினால் போதும்.
வானொலிக்காரன் காத்திருக்கிறான்,
போர்த்துகீசியத்தில் ஒருமுறை,
ஷங்கானாவில் இருமுறை வாசிக்க.
'ஒருவேளை' என்ற சொல்லை
இரண்டு மொழியிலும் விழுங்கிவிடுவான்.

அனுப்பும் முன் அமேலியாவை அழைத்தேன்.
விதிமுறையில் அது இல்லை.
பின்னால் ஒரு சேவல் நேரம் தப்பிக் கூவியது.
'எத்தனை?' என்றாள்,
வணக்கம்கூடச் சொல்லாமல்.
'பத்தொன்பது. ஐம்பத்தொன்றில்.'

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு சிமெண்ட் தரையில்
இரும்பு இழுபடும் சத்தம்.
'ஆடுகளை இம்முறை விற்கமாட்டேன்,
கூடவே நடக்கட்டும்' என்றாள்.
'உன் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.'