பன்னிரண்டு வோல்ட்

மிதக்கிற பொருளில்
நாமாகவே துளை போடுவது
இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.
டிரில்லை நான் நவநீதனிடம் நீட்ட
அவன் என்னிடம் நீட்ட
மில் சங்கு ஊதி ஓய்ந்தது.

கடைசியில் நான்தான் போட்டேன்.
பைபர் தூள் முழங்கைவரை அரித்தது.
நாலு துளை, நாலு போல்ட், துரு ஏறாத வகை.
சிலிக்கோனைப் பிரஷ்ஷில் பற்பசைபோல
இவ்வளவூண்டு வைத்தான்.
இன்னும் வை என்றேன்.
"ட்யூப் பதினெட்டு வெள்ளி, மச்சான்."

மச்சான்.
ஷா ஆலமில் முத்திரை விழுந்து
இரண்டு வருஷம் ஆகிறது.
சாலையோரப் பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது,
பஸ் ஏறுகிறவர்கள் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தைக்குத்தான் டிக்கெட் கேட்கிறார்கள்.
அந்த மாதிரி.

படகு பன்னிரண்டு அடி. அவனும் நானும்
ஆளுக்கு ஆயிரத்து நானூறு போட்டு வாங்கியது.
வக்கீல் எழுதிய பட்டியலில்
ஐஸ்பெட்டி இருந்தது, தையல் மெஷின் இருந்தது,
மாடிப்படிக்கடியில் கிடந்த ஏணிகூட இருந்தது.
படகு இல்லை.
கலைமலர் மறந்தாளா, விட்டுவிட்டாளா
நான் கேட்டதில்லை.

மோட்டாரைப் பற்றிச் சொல்ல வந்தேன்.
ஷோப்பியில் வந்தது. காகிதம் முழுக்கச் சீனம்.
இரும்புக்கடை ஆ லெக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தான்:
விசிறி ஒரு சாண் ஆழத்தில் இருக்கணும்,
மேலே வந்தால் வெறும் நுரைதான் கடையும்,
சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுக்காதே.
மிச்சமெல்லாம் கம்பெனி
தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது என்றான்.

முதலில் பாட்டரியைப் பின்னால் வைத்தோம்.
பின்னால் பாட்டரி, பின்னால் மோட்டார்,
பின்னால் தொண்ணூறு கிலோ நவநீதன்.
கடன் கேட்டுப் போன என்னைப் பார்த்த
பேங்க் அதிகாரிபோல
படகு மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்தது.
முன்பலகைக்கு அடியில் மாற்றினோம்.
அதற்குப் பதினோரு அடி கம்பி, சுண்டுவிரல் தடிமன்,
மில்லில் கழித்துப் போட்டது,
சார்ஜ்மேன் கேட்டால் இல்லை என்பார்களா.
பாட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள்
ஐம்பது ஆம்பியர் பிரேக்கர்.
எங்கே சூடேறினாலும்
முதலில் அதுதான் விழ வேண்டும்.
இந்த ஊரில் பாதி வீட்டுக்கு
நான் மாட்டிக் கொடுத்தது.

ஞாயிறு, ஏழு மணி.
ஈயக்குட்டையில் இறக்கினோம்.
நான் பின்னால், அவன் முன்னால்.
திருகினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஓடவில்லை என்று நினைத்தேன்.
கரையிலிருந்த செம்பனை
மெதுவாக எங்களைவிட்டுப் போனது.

பழைய யமாஹா இருந்தவரை
கத்தினாலும் காதில் விழாது.
அது எத்தனை பெரிய வசதி என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
இப்போது
பெட்டிக்குள் ஈயக்குண்டு உருள்வது கேட்கிறது.
தாமரைக்கு நடுவில் தோமான் குஞ்சுகள்
செவசெவவென்று கூட்டமாய் மேலே வந்து
காற்றைக் குடித்துவிட்டு இறங்குவது,
சட்டியில் பொரி வெடிப்பதுபோல், கேட்கிறது.
அவன் தொண்டையைச் செருமுவது கேட்கிறது.

"அக்கா கிள்ளானுக்கு மாறிப் போகுது."

இரண்டில் இருந்ததை மூன்றுக்குத் திருகினேன்.
மூன்றிலும் சத்தமில்லை.
நாலிலும்.
"எப்போ?"

"அடுத்த மாசம். லோரி தேடுது.
உன்கிட்ட சொல்லச் சொல்லல.
நானாத்தான் சொல்றேன்."

அஞ்சு.
அதற்கு மேல் அதில் எண் இல்லை.

எதிர்க்கரை வந்துவிட்டது.
நிறுத்துவதை இன்னும் பழகவில்லை,
விழுந்து கிடந்த மட்டைகளுக்குள் போய்
முட்டி நின்றோம்.
அவன் பாட்டரியைத் தாண்டி, என் முழங்காலைத் தாண்டிக்
குனிந்து வந்து
நாலு போல்ட்டையும் விரலால் தடவினான்.
விரலைச் சட்டையில் துடைக்காமல்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒழுகல," என்றான்.